ஒரே பாயில் தாயும் சேயும்

கைக்குழந்தையைத் தாய் தன் பக்கத்தில் கிடத்தி உறங்கலாமா, கூடாதா? மாதர் சங்கக் கூட்டங்களில் எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களிற் பெரும்பாலானோர் முதற் பிள்ளை பெற்ற இளந் தாய்மார். ஆஸ்பத்திரியில் ஒருவர், "பக்கத்திலை போட்டுக்கொண்டு படுக்காதேங்கோ, பிள்ளை நசிஞ்சு போகும்" என்று சொல்லி அனுப்புகிறார். வீட்டுக்கு வந்தால் ஆச்சி சிரிக்கிறார்: "நாங்கள் எட்டுப் பெத்தனாங்கள், சுவாமி. எட்டும் எங்கடை பாயிலைதான் வளந்தது. ஒண்டையும் நசிக்கேல்லை." இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் அகப்பட்ட தாய் இரவிரவாக விழித்திருக்கிறாள். விடிந்ததும் தண்ணீர் அள்ளவும் கச்சான் பிடுங்கவும் போக வேண்டியவள் அவள்.

இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. ஆச்சி பிள்ளை வளர்த்தது சாணம் மெழுகிய தரையில், பனையோலைப் பாயில், காற்றோட்டமான திண்ணையில். அவருடைய பேத்தி பிள்ளை வளர்ப்பது தகரக் கொட்டிலில், நிவாரணமாக வந்த ஸ்பொஞ்ச் மெத்தையில், ஆறு பேருக்கு நடுவில். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்கள் தென்மராட்சிப் பாடசாலைகளில் படுத்த இரவுகளையும், 2009இல் செட்டிக்குளம் மெனிக் பாம் கூடாரங்களில் மக்கள் நெருங்கிக் கிடந்த இரவுகளையும் நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். தாயோடு படுக்கும் பழக்கம் மாறவில்லை. அந்தப் பழக்கத்தைச் சுற்றியிருந்தவை எல்லாம் மாறிவிட்டன. ஆபத்து தாயின் பக்கத்தில் இல்லை; மெத்தையிலும், புகையிலும், மதுவிலும், நெருக்கத்திலும் இருக்கிறது. இந்தப் பாடத்தில் நாம் சொல்ல விரும்புவது இதுவே.

ஆச்சிமாரின் கணக்கிலும் ஒரு குறை உண்டு. எட்டும் வளர்த்த ஆச்சி பேசுகிறார். ஒன்றை இழந்த ஆச்சி கூட்டத்தில் வாய் திறப்பதில்லை.

சாலமோனின் முன் வந்த வழக்கு

அரசர் முதல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் வரும் வழக்கை எல்லோரும் அறிவோம். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள். இருவரிடமும் பிறந்து சில நாளேயான ஆண் குழந்தைகள். ஓர் இரவில் ஒரு குழந்தை இறந்துவிடுகிறது. தாய் அதன்மேல் புரண்டு படுத்ததால் இறந்தது என்று மற்றவள் அரசனிடம் முறையிடுகிறாள். நன்றாகப் படித்துப் பாருங்கள்: அந்த இரவில் நடந்ததைக் கண்டவர் எவருமில்லை. வீட்டில் தங்கள் இருவரைத் தவிர வேறொருவரும் இருக்கவில்லை என்று அவளே சொல்கிறாள்; அவளும் அப்போது உறக்கத்தில். சாலமோன் தீர்த்தது உயிரோடிருந்த பிள்ளையின் வழக்கை. இறந்த பிள்ளை ஏன் இறந்தது என்று எவரும் விசாரிக்கவில்லை.

அந்தக் குற்றச்சாட்டு பின்வந்த நூற்றாண்டுகளில் எத்தனையோ தாய்மார்மேல் விழுந்தது. மத்திய கால ஐரோப்பாவில் பெற்றோரின் படுக்கையில் குழந்தை இறந்தால் அதற்குத் தவமுயற்சி விதிக்கப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், பாலூட்டும் செவிலியர் குழந்தையை ஒரு மர வளைவுக் கூட்டின் கீழ்க் கிடத்தியே உறங்க வேண்டும், தவறினால் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்று கட்டளை இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். மரக்கூடு நல்ல யோசனை. விலக்கு அப்படியல்ல என்பதே எமது எண்ணம். தண்டனைக்கு அஞ்சும் தாய் நடந்ததை வெளியே சொல்லமாட்டாள். சொல்லாத ஊரில் எவரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

மருத்துவம் இன்று கூறுவது வேறு. நலமாயிருந்த குழந்தை உறக்கத்தில் எதிர்பாராமல் இறப்பதுண்டு. முழுமையாகப் பரிசோதித்தும் காரணம் காண முடியாதபோது அதைத் திடீர்க் குழந்தை மரணம் என்கிறார்கள். அரிதாகவே நிகழ்வது, நிகழ்பவற்றிற் பெரும்பங்கு முதல் ஆறு மாதங்களுள், அதிலும் இரண்டாம் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையில். வேறு சில மரணங்கள் மூச்சு அடைபட்டு நேர்பவை: முகம் மெத்தையில் புதைந்து, போர்வை மூடி, அல்லது பக்கத்தில் உறங்குபவரின் உடல் அழுத்தி. ஆகவே ஒரு வீட்டில் பிள்ளை இறந்தால், "தாய்தான் நசிச்சுப்போட்டாள்" என்று செத்தவீட்டில் முணுமுணுப்பது பாவம் மட்டுமல்ல, பெரும்பாலும் பொய்யுங்கூட. மரண விசாரணை நடந்து காரணம் தெரியும்வரை வாயை மூடிக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் இருப்பதே அயலவர் செய்யக்கூடியது.

மல்லாக்கக் கிடத்துதல்

எல்லாவற்றிலும் முதன்மையானது இது. குழந்தையை உறங்கவைக்கும்போது, இரவானாலும் பகலானாலும், மல்லாக்கவே கிடத்த வேண்டும். குப்புறக் கூடாது, ஒருக்களித்தும் கூடாது, ஏனெனில் ஒருக்களித்த குழந்தை எளிதாகக் குப்புறச் சரிந்துவிடும்.

மேலை நாட்டு மருத்துவமனைகளிலேயே ஒரு காலத்தில் குழந்தைகளைக் குப்புறக் கிடத்தும் வழக்கம் இருந்தது. 1991இல் இங்கிலாந்திலும் 1994இல் ஐக்கிய அமெரிக்காவிலும் மல்லாக்கக் கிடத்துமாறு நாடளாவிய பிரசாரம் தொடங்கியது. புதிய மருந்தோ இயந்திரமோ இல்லை. படுக்கும் விதம் மட்டுமே மாறியது. இங்கிலாந்தில் சில ஆண்டுகளுள் இத்தகைய மரணங்கள் அரைவாசிக்கும் குறைவாயின. குப்புறக் கிடக்கும் சிறு குழந்தை தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் உள்ளிழுக்கிறது, உடற்சூடு வெளியேறாது, உறக்கமும் ஆழமாகி, மூச்சு முட்டும்போது விழித்தெழும் உணர்வு மங்கிவிடுகிறது.

"மல்லாக்கக் கிடந்து பால் கக்கினால் புரையேறிப் போடுமே?" இதை எம்மிடம் கேட்காத ஆச்சி இல்லை. நியாயமான பயம்தான். ஆனால் உடலமைப்பை எண்ணிப் பாருங்கள். மல்லாக்கக் கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் கீழேயுள்ள குழாயிலேயே தங்கும். மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் விழுவது கடினம். குப்புறக் கிடந்தாலோ நிலைமை தலைகீழ். பால் கொடுத்ததும் தோளிற் சாய்த்து ஏவறை எடுப்பித்துவிட்டுக் கிடத்தினால் போதும். தலை தட்டையாகிவிடும் என்று கவலைப்படுவோர், பிள்ளை விழித்திருக்கும்போது, பார்த்துக்கொண்டிருக்கையில், சிறிது நேரம் குப்புற விட்டு விளையாட்டுக் காட்டலாம். கழுத்துக்கும் அது நல்ல பயிற்சி.

பாயும் அதில் எவரெவரும்

பிள்ளைக்குக் கீழே இருப்பது கெட்டியாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். இந்த விடயத்தில் எமது பனையோலைப் பாயும் புற்பாயும் எந்தக் கடை மெத்தைக்கும் மேல். பாயின்மேல் ஒரு பருத்திச் சீலையை இறுக்கமாக விரித்தால் போதும். ஸ்பொஞ்ச் மெத்தை கிடைத்திருந்தால் அது முதுகு நோவுள்ள ஆச்சிக்கு ஆகட்டும். தானமாக வந்தது என்பதற்காகக் கைக்குழந்தைக்கு அடியில் விரிக்க வேண்டியதில்லை. குழந்தைத் தலையணையும் அப்படித்தான். பிள்ளைப் பெட்டியில் அழகாக வைத்துத் தருகிறார்கள். ஒரு வயதுவரை குழந்தைக்குத் தலையணையே தேவையில்லை. தடித்த போர்வைகளைக் கொட்டிலின் காற்று வரும் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். பிள்ளையின் மேல் வேண்டாம்.

பனிக்காலத்தில் தலைக்குத் தொப்பி, காதுக்குப் பஞ்சு, அதன்மேல் துவாய் என்று மூடுவதை நாம் காண்கிறோம். சிறு குழந்தை தன் மேலதிக வெப்பத்தைத் தலை வழியாகவே பெரிதும் வெளிவிடுகிறது. தாயின் உடற்சூடும் சேரும். ஆகவே உறங்கும்போது தலையும் முகமும் திறந்திருக்கட்டும். பிள்ளையின் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். கை கால் குளிர்ந்திருப்பது கணக்கில்லை.

இனி, யார் எங்கே படுப்பது. பெரும்பாலான கொட்டில்களில் பிள்ளை தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில், அல்லது தாய்க்கும் மூத்த பிள்ளைக்கும் நடுவில் கிடக்கிறது. அன்பான ஏற்பாடு, ஆனால் பொருத்தமானதல்ல. தாயின் உறக்கம் ஒரு மாதிரி, மற்றவர் உறக்கம் வேறு மாதிரி. ஐக்கிய அமெரிக்காவின் நொத்ர டாம் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்த ஜேம்ஸ் மக்கென்னா, தாயும் சேயும் சேர்ந்து உறங்குவதை இரவு முழுவதும் படம் பிடித்து ஆராய்ந்தவர். பாலூட்டும் தாய் பிள்ளையை நோக்கி ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கையைப் பிள்ளையின் தலைக்கு மேலாக வளைத்து, தன் உடலையே ஒரு கூடாக்கி உறங்குகிறாள். பிள்ளையின் முகம் மார்புக்கு நேரே இருக்கிறது, தலையணைக்கு நேரே அல்ல. ஒருவர் அசைந்தால் மற்றவரும் அரைத்தூக்கத்தில் அசைகிறார். எவரும் சொல்லிக் கொடுக்காமலே தாய்மார் இப்படிப் படுக்கிறார்கள். தகப்பனும் மூன்று வயது அண்ணனும் இப்படிப் படுப்பதில்லை. அண்ணன் காலை எறிவான். ஆகவே பாயின் ஓரத்தில் பிள்ளை, அடுத்துத் தாய், தாயின் மறுபக்கத்தில் மற்றவர்கள். பிள்ளைக்கும் சுவருக்கும் அல்லது தறப்பாளுக்கும் இடையில் ஒரு முழமாவது வெளி இருக்கட்டும். உருண்டு இடுக்கில் அகப்படக்கூடாது. தாயின் நீண்ட கூந்தலை முடிந்துவிடுவதும், தாலிக்கொடி, கழுத்துச் செபமாலை ஆகியவற்றைக் கழற்றி வைப்பதும் நல்லது.

போத்தற்பால் கொடுக்கும் தாய்மார் பிள்ளையைத் தம் முகத்துக்கு நேரே, தலையணைக்கு அருகில் கிடத்துவதே அதிகம் என்று இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வொன்று கண்டது. அவர்கள் பிள்ளையை வேறு பாயில், கைக்கெட்டும் தூரத்தில் கிடத்துவது நல்லது. எமது நாட்டில் 2016ஆம் ஆண்டுக் கணிப்பின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானவை தாய்ப்பால் மட்டுமே குடித்தன. உலகில் மிகச் சில நாடுகளே இவ்வளவு பெருமைப்படலாம். பிள்ளை பக்கத்தில் கிடப்பதும் அதற்கு ஒரு காரணம் என்றே நாம் எண்ணுகிறோம்.

களைத்த தாய் ஒருத்தி, உறங்கிவிடுவேனோ என்று பயந்து, நடு இரவில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தோ சுவரிற் சாய்ந்தோ பால் கொடுப்பாள். இருந்தபடியே கண் அயர்ந்தால் பிள்ளை மடியிலிருந்து வழுவலாம். கைமடிப்பில் முகம் புதையலாம். நகரத்து வீடுகளில் பெரியவர் ஒருவர் குழந்தையோடு சோபாவில் உறங்கிப்போவதே எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று ஆய்வுகள் ஒத்துச் சொல்கின்றன. நித்திரை வரும்போலிருந்தால் ஒழுங்காக விரித்த பாயில் படுத்துக்கொண்டே பால் கொடுங்கள்.

பாயைப் பகிரக்கூடாத வீடுகள்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட அறிவுரையிலும், பிள்ளை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்க வேண்டும் என்றே கூறியது. இங்கிலாந்தில் அவ்வளவு கண்டிப்பில்லை. எந்த நிலையில் பகிரக்கூடாது என்பதை விளக்கிச் சொல்கிறார்கள். இடம் இருந்தால் கைக்கெட்டும் தூரத்தில் தனிப்பாயே மிகவும் பாதுகாப்பானது. இடமில்லாத கொட்டிலில், நிறை மாதத்தில் பிறந்து தாய்ப்பால் குடிக்கும் நலமான பிள்ளை, புகையும் மதுவும் இல்லாத பாயில் தாயோடு கிடப்பதை நாம் தடுக்கமாட்டோம். ஆனால் பின்வரும் வீடுகளில் தடுப்போம்.

புகைப்பவர் உள்ள வீடு முதலாவது. கொட்டிலுக்கு வெளியே போய்ப் புகைத்தாலும் போதாது. கர்ப்ப காலத்தில் தாயின் உடலுக்குள் போன புகை பிள்ளையின் மூச்சுக் கட்டுப்பாட்டையே பலவீனப்படுத்துகிறது. எமது பெண்கள் புகைப்பதில்லை என்பீர்கள். சுருட்டுக் குடிக்கும் ஆச்சிமாரை நாமும் கண்டிருக்கிறோம். ஆச்சி பேரப்பிள்ளையைக் கொஞ்சலாம், தாலாட்டலாம். இரவில் ஒரே பாய் வேண்டாம்.

அடுத்தது மது. கள்ளோ சாராயமோ கசிப்போ, குடித்த மனிதன் மரக்கட்டைபோல் உறங்குகிறான். அவனுக்குத் தன் கை எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. குடித்த இரவில் தகப்பன் வேறிடத்தில் படுக்க வேண்டும். மனைவி இதைச் சொன்னால் சண்டை வரும் என்பதை நாம் அறியாதவர்களல்லர். ஆகவே குடிக்காத காலை வேளையில், முடிந்தால் அவனுடைய தாய் சொல்லட்டும்.

மூன்றாவது, நித்திரை தரும் மருந்து. போரிலும் இடப்பெயர்விலும் உறக்கத்தை இழந்து மாத்திரையோடு உறங்குபவர்கள் எம்மிடையே பலர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலிப்பு, தடிமன் மருந்துகள் சிலவும் ஆழ்ந்த உறக்கம் தரும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். குடும்பநல மருத்துவமாதுவிடம் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தனிப்பாயில் கிடத்துங்கள்.

கடைசியாக, 37 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2.5 கிலோவுக்குக் குறைந்த நிறையோடு பிறந்த பிள்ளை. பகலில் விழித்திருக்கும் தாயின் மார்போடு அணைத்து வைத்திருப்பது இப்பிள்ளைகளுக்கு மருந்து போன்றது. ஆனால் உறங்கும் பாய் தனியாக, தாயின் அருகில்.

பெட்டியும் சுளகும்

இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் பாகிஸ்தானிய வம்சாவழித் தாய்மார் பிள்ளையோடு ஒரே படுக்கையில் உறங்குவது வழக்கம். ஆயினும் அவர்களிடையே திடீர்க் குழந்தை மரணம் வெள்ளையரிடையே உள்ளதிலும் குறைவு. அப்பெண்கள் புகைப்பதில்லை, குடிப்பதில்லை, அதிகம் பாலூட்டுகிறார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்களும் பிள்ளையோடுதான் உறங்குவார்கள். அவர்களிடையே மரணங்கள் அதிகம். கர்ப்ப காலத்திற் புகைக்கும் பழக்கம் அங்கே பரவலாக இருந்தது. ஒரே வழக்கம், இரண்டு விளைவுகள்.

மாவோரி மக்கள் கண்ட வழி எமக்கும் உதவும். பழக்கத்தைக் கைவிடுங்கள் என்று சொன்னபோது தாய்மார் கேட்கவில்லை. எனவே 2006 அளவில், அங்கு வளரும் ஒருவகை நார்ச்செடியின் இலையால் தட்டையான அடியும் தாழ்ந்த விளிம்பும் கொண்ட ஒரு பெட்டியைப் பின்னத் தொடங்கினார்கள். 'வஹகுரா' என்பது அதன் பெயர். பெட்டி பெற்றோரின் படுக்கையிலேயே இருக்கும், பிள்ளை பெட்டிக்குள். தாயின் கை எட்டும், உடல் அழுத்தாது. 2011 பெப்ரவரியில் கிறைஸ்ற்சேர்ச் நகரை நிலநடுக்கம் தாக்கி மக்கள் வீடிழந்தபோது, இதே முறையில் பிளாஸ்ரிக் பெட்டிகள் கைக்குழந்தை உள்ள குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டன.

பனையோலையில் எதையும் இழைக்கத் தெரிந்த எமது பெண்களுக்கு இது பெரிய வேலையல்ல. கடகம் ஆகாது, அதன் அடி குழிந்தது. அடி தட்டையாக, பிள்ளை கை நீட்டிக் கிடக்கும் அகலத்தில், விளிம்பு ஒரு சாண் உயரத்தில், ஓலை முனைகள் உள்ளே குத்தாமல் இழைக்க வேண்டும். பிறந்த பிள்ளையைச் சுளகில் கிடத்தும் பழைய வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகவும் தோன்றாது. வெள்ளத்துக்கோ வேறெதற்கோ ஓடிப் போய்ப் பாடசாலை மண்டபத்தில் தங்க நேர்ந்தால், நிவாரணப் பொருள் வந்த காட்போட் பெட்டியே போதும்: அடி உறுதியாக, உள்ளே ஒரு சீலை, மேல்மூடி வெட்டியெறிந்து. பின்லாந்து அரசு 1938 முதல் தாய்மாருக்குப் பிள்ளைப் பொருட்களைக் கொடுக்கும் பெட்டியும் மட்டைப் பெட்டிதான். பல தலைமுறைப் பிள்ளைகள் அதிலேயே உறங்கினார்கள். மண்டபத்தில் இரண்டு வாங்குகளையோ மேசைகளையோ இணைத்து அதன்மேல் பிள்ளையைக் கிடத்தாதீர்கள். இணைப்பு விலகும். ஊர் விட்டுப் போன இடத்தில் மரியாளும் தீவனத் தொட்டியைத்தான் பிள்ளைக்குத் தனிப்படுக்கை ஆக்கினார். அதிலிருந்த வைக்கோலை மட்டும் எமது மருத்துவமாது எடுத்தெறிந்திருப்பார்.

ஏணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளை ஏணைக்குள் வளைந்து கிடக்கும்போது நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் நெருங்கும். பகலில், கண்ணுக்கு முன்னால், சிறிது நேரம் ஆட்டலாம். இரவுக்கு வேண்டாம். கொட்டிலின் காட்டுத்தடி பாரம் தாங்குமா என்பதையும் பாருங்கள்.

நுளம்பு வலை கட்டாயம். 2016இல் எமது நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, எனவே பகல் உறக்கத்துக்கும் வலை வேண்டும். விளிம்பைப் பாயின் கீழே நன்றாகச் செருகுங்கள். தரையில் உறங்குவோரைத் தீண்டும் விரியனுக்கும் அது ஒரு தடை. தளர்ந்த வலை பிள்ளையின் முகத்தில் விழவும் மாட்டாது. நுளம்புத்திரியை மூடிய கொட்டிலுக்குள் கொளுத்த வேண்டாம். குப்பி விளக்கு வலைக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. டொக்டர் விஜய கொடகும்புர வடிவமைத்த, தட்டிவிட்டாலும் எளிதிற் சரியாத, திருகு மூடியுள்ள கட்டை விளக்குக்கு 1998இல் உலகப் பரிசு கிடைத்தது. போத்தலில் துளையிட்டுத் திரி போட்ட விளக்கு இன்னும் உங்கள் கொட்டிலில் இருந்தால், இரவில் அது வலையிலிருந்து எட்டி, கல்லால் அணைகட்டிய மூலையில் இருக்கட்டும்.

கூடிப் பேசுவதற்கு

ஒரு பாயும், ஒரு பழஞ்சீலையும், துணியால் கட்டிய ஒரு பொம்மையும் கொண்டுவாருங்கள். ஒரு குடும்பத்தார் தாங்கள் நேற்றிரவு படுத்த ஒழுங்கை அப்படியே விரித்துக் காட்டட்டும். மற்றவர்கள் பார்த்து, எதை எடுத்துவிடலாம், யாரை இடம் மாற்றலாம் என்று சொல்லட்டும். பிறகு அந்த வீட்டாரே மீண்டும் விரித்துக் காட்டட்டும். இழைக்கத் தெரிந்தவர்கள் யார், ஓலை எங்கே எடுக்கலாம், பிள்ளை வளர்ந்தபின் பெட்டி அடுத்த தாய்க்குப் போவது எப்படி என்பதையும் அன்றே பேசி முடிவெடுங்கள். மருத்துவமாதுவையும் அழையுங்கள். கூட்டத்தை மாலை ஆறு மணிக்குப் பிறகு வைத்தால் நல்லது. அப்போதுதான் தோட்டத்தால் ஆண்களும் வந்திருப்பார்கள்.